கையில் இருப்பதை விடுங்க

ஆள் வாட்டசாட்டமானவர். லாரி ஓட்டுகிறவர். மலைப்பாதையில் சரக்கு வண்டியை ஒற்றைக் கையால் வளைத்துத் திருப்புவார் என்று கூட வந்த மனைவி வாசலிலேயே பெருமை அடித்திருந்தாள். அப்பேர்ப்பட்ட மனிதர் பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, ஊசியைக் கண்டதும் வெலவெலத்துப் போய், மனைவியின் கையைப் பிடித்தவர் பிடித்தவர்தான். டாக்டர் ஊசியோடு நிற்கிறார். வெளியே நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

"தட்டக்காவைக் கூப்பிடுங்க," என்றார் டாக்டர்.

கருவிகளைக் கொதிக்க வைக்கிற பின்னறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி அவள் வந்தாள். ஒல்லியான உடம்பு, ஐம்பதை நெருங்குகிற வயது, கழுத்தில் தொங்கும் முகக்கவசம். வந்து லாரிக்காரரின் தலைமாட்டில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, முதல்ல கையில இருக்கறத விடுங்க."

"இது என் பொண்டாட்டி கைம்மா."

"தெரியுது. விடுங்க. எங்கயும் ஓடிட மாட்டாங்க."

மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் விரல் விரலாக விட்டார். தட்டக்கா அவர் வலக்கையை எடுத்து, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் ஓரத்தில் தன் இரண்டு விரல்களால் மெல்லத் தட்ட ஆரம்பித்தாள். நான் சொல்றதை நீங்களும் சொல்லுங்க என்றாள். "ஊசின்னா எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் நான் நல்லாத்தான் இருக்கேன்." லாரிக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் திருப்பிச் சொன்னார். பிறகு புருவம் தொடங்கும் இடம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, தாடைக்குழி, கழுத்தெலும்பு, அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, கடைசியாக உச்சந்தலை. ஒவ்வொரு இடத்திலும் டொக் டொக்கென்று தட்டல், ஒவ்வொரு தட்டலுக்கும் அதே பேச்சு. இரண்டு சுற்று முடிவதற்குள் அவர் தோள் இறங்கிவிட்டது. ஊசி போட்டது, பல்லைப் பிடுங்கியது, பஞ்சை வைத்தது எல்லாம் முடிந்த பிறகு, "அவ்வளவுதானா?" என்று பஞ்சு வாயோடு கேட்டார்.

இதென்ன கூத்து என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். தட்டலில் சூட்சுமம் இருக்கிறதா, அவள் குரலில் இருந்ததா, அல்லது ஒரு மனுஷி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகத் தொட்டதே போதுமா என்பதை மெத்தப் படித்தவர்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தத் தெருவில் பல்லைப் பிடுங்குவது டாக்டர், பயத்தைப் பிடுங்குவது தட்டக்கா என்று பேச்சு இருந்தது. டாக்டரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவள் இதைக் கற்றுக்கொண்டது ஒரு வங்கி ஊழியரிடம். வேர்ச் சிகிச்சைக்கு வந்த அம்மாள், காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து தன் முகத்தில் தானே தட்டிக்கொண்டிருந்தார். தலைவலியா மேடம் என்று இவள் போய்க் கேட்க, அவர் சிரித்து விளக்கம் சொன்னார். பேச்சுவாக்கில் இவள் விரல்களைப் பார்த்துவிட்டு, "முதல்ல உனக்குப் பண்ணிப் பாரேன்," என்றார். தட்டக்கா நகம் கடிப்பவள். சும்மா கடிப்பதில்லை, ரத்தம் வரும்வரை. அம்மா செத்துப்போய், பத்து வயதுத் தம்பியை இடுப்பில் தூக்காத குறையாக வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து வந்த பழக்கம். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள், துணி சுற்றிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மாள் சொன்னபடி தினமும் காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து தட்டியதில், ஒரு நாள் பார்க்கிறாள், சுண்டுவிரலில் வெள்ளைப் பிறை மாதிரி நகம் வளர்ந்திருக்கிறது. அன்று அதைத் தம்பியிடம் காட்டுவதற்காகவே அவன் வீட்டுக்கு நடந்து போனாள்.

பிறகு விட்டாளா? வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தட்டினாள். புகை பிடிப்பதை நிறுத்த முடியாத ஆட்டோக்காரர், மின்தூக்கியில் ஏறப் பயந்து ஏழு மாடி நடக்கிற வாத்தியார், நாய் என்றால் நடுங்குகிற தபால்காரர் எல்லாரும் பல் வலி இல்லாமலேயே வந்து பின்வாசலில் நின்றார்கள். அவளிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று, கையில் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும். பை, குடை, கைக்குட்டை, பெண்டாட்டி கை, எதுவானாலும் சரி. பிடியை வைத்துக்கொண்டே இருந்தால் பயம் போகாது என்பாள். இரண்டாவது, பயம் நியாயமா இல்லையா என்று அவள் கேட்கவே மாட்டாள். "உண்மையா பொய்யான்னு நான் வக்கீல் மாதிரி விசாரிக்க மாட்டேன். என்ன பயம்னு சொல்லுங்க, தட்டுங்க, அவ்வளவுதான்." பல் ஆஸ்பத்திரியில் அது செல்லுபடியானது. அங்கே ஊசியை டாக்டர் பார்த்திருப்பார், மருந்தின் அளவைப் பார்த்திருப்பார், எல்லாவற்றையும் யாரோ முன்கூட்டியே சரிபார்த்திருப்பார்கள். பயம் மட்டும்தான் அங்கே உபரி.

தம்பியின் வேலை அப்படிப்பட்டதல்ல. உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளியிலிருந்து கழுவுவது அவன் தொழில். மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டி, இடுப்பில் பெல்ட்டை மாட்டி, பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி ஆட, சுவரோடு சுவராக இறங்குவான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பல்லி. பல் ஆஸ்பத்திரி அக்காவுக்குப் பல்லி தம்பி, பொருத்தம்தான் என்று கிண்டல் வேறு. அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தது அக்காதான். இவன் ஒரு வழிக்கு வரட்டும், இவன் ஒரு வழிக்கு வரட்டும் என்று தன்னைக் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியே அவளுக்கு வயது போய்விட்டது. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு அவன் தம்பியும் பிள்ளையும்.

ஒரு காற்று நாளில், அவனோடு ஜோடியாக இறங்குகிற நெட்டையன் கொக்கியைச் சரியாகப் பூட்டாமல் விழுந்து செத்தான். பல்லி பக்கத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டு அதைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவனால் மாடி ஏற முடியவில்லை. வீட்டில் விளக்கு மாற்ற நாற்காலி மேல் ஏறினால்கூடக் கால் கிடுகிடுவென்று ஆடும். பேயறைந்தவன் போல மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி துணி ஆலையில் பெட்டி கட்டுகிறவள், நல்ல பெண். "அண்ணி, ஊருக்கெல்லாம் தட்டுறீங்க, இவருக்குத் தட்டக்கூடாதா?" என்று அழுதாள்.

அக்கா தட்டினாள். வேலை முடிந்து தினமும் நேரே அவன் வீட்டுக்குப் போய்த் தட்டினாள். நெட்டையன் விழுந்தது கண்ணுக்குள்ளயே நிக்குது, இருந்தாலும் நான் நல்லாத்தான் இருக்கேன். கீழ பார்த்தா தலை சுத்துது, இருந்தாலும் நான் நல்லாத்தான் இருக்கேன். முதலில் அவனைப் படிக்கட்டில் ஏற்றினாள். பிறகு மொட்டை மாடிக் கதவு வரை. பிறகு கைப்பிடிச் சுவர் வரை. அங்கே சுவரைக் கெட்டியாகப் பிடித்து நின்றவனிடம், "கையை விடுடா," என்றாள். விட்டான். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். அவன் மறுபடி கயிற்றில் இறங்கிய நாளை அவள் பெருமையோடு எல்லா நோயாளிகளுக்கும் சொன்னாள். "என் தம்பியையே திருப்பி மேல ஏத்தினேன், உங்க ஊசி எம்மாத்திரம்?"

இவ்வளவும் நல்லபடியாக நடந்ததுதான் வினையாகப் போயிற்று.

ஒரு காலைப் பொழுது. அவள் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, கீழே கிடந்த ரப்பர் கால்மிதியைக் குனிந்து தடவிப் பார்த்தான். தடிமனான பழைய கால்மிதி, மேல்புறம் தேய்ந்து வழவழத்துப் போனது.

"அக்கா, இதை எடுத்துக்கட்டுமா?"

"அது எதுக்குடா உனக்கு?"

"புதுசா ஒரு கட்டடம் பிடிச்சிருக்காங்க. மேல கைப்பிடிச் சுவர் ஓரத்துல ஏதோ இரும்புத் தகடு அடிச்சிருக்காங்க. கயிறு அதுமேலதான் உட்காருது. எனக்கென்னவோ சரியாப் படல. இதை அடியில வெச்சா கயிறு உரசாது."

"மேஸ்திரிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பல்லிக்குப் பழைய பயம் வந்துடுச்சுடோய்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சான்." அவன் கால்மிதியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். "அவன் சொல்றதும் சரியோ என்னவோ. இது பழைய பயமா, இல்ல நெஜமாவே தகடு கூரா இருக்கான்னு எனக்கே புரியலக்கா. ராத்திரி தூக்கமே இல்ல."

அவன் கை நடுங்கியதை அவள் பார்த்தாள். அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்த நடுக்கம். நாற்காலி மேல் ஏறினால் ஆடிய காலை அவள் மறப்பாளா? மறுபடி மூலையில் உட்கார்ந்துவிடுவானோ, பட்ட பாடெல்லாம் பாழாகிவிடுமோ என்று நினைத்தபடி சீப்பைக் கீழே வைத்தாள். அவனுடைய பயத்தை விட இவளுடைய பயம் பெரிதாக இருந்தது. அதற்கு அவள் தட்டிக்கொள்ளவில்லை.

"உட்காரு," என்றாள்.

"நேரமாயிடும்க்கா."

"உட்காருடா. கையில இருக்கறத முதல்ல கீழ வை."

அவன் கால்மிதியை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவள் அவன் கையை எடுத்தாள்.

"சொல்லு. தகடு கயித்தை அறுத்துடும்னு எனக்குப் பயமா இருக்கு."

"தகடு கயித்தை அறுத்துடும்னு எனக்குப் பயமா இருக்கு."

"இருந்தாலும் நான் நல்லாத்தான் இருக்கேன்."

"இருந்தாலும் நான் நல்லாத்தான் இருக்கேன்."

புருவம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழே. தகடு அறுத்துடும்னு பயம். மூக்குக்குக் கீழே, தாடைக்குழி. அந்தத் தகடு, அந்தக் கயிறு. கழுத்தெலும்பு, அக்குள், உச்சந்தலை. அவள் விரல்கள் பழகிய வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. சொல்லச் சொல்ல அவன் மூச்சு சீரானது, குரல் தணிந்தது. கடைசியில் கண்ணைத் திறந்து சின்ன வயதில் காய்ச்சல் விட்டதும் சிரிப்பானே, அப்படிச் சிரித்தான்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா. நெஞ்சுல இருந்த கல்லை எடுத்த மாதிரி இருக்கு."

எழுந்தவன் பழக்கத்தில் கால்மிதியை எடுக்கக் குனிந்தான்.

"அதை விடு," என்றாள் அக்கா. "அதைத் தூக்கிட்டுப் போனா பயத்தையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போற மாதிரி. அவனுங்க முன்னாடி வெறுங்கையோட போ."

அவன் ஒரு கணம் கால்மிதியைப் பார்த்தான். பிறகு சரி என்று விட்டுவிட்டு, அவள் ஊற்றி வைத்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போனான். தெருமுனை திரும்பும்போது கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள். கால்மிதியை வாசலில் பழைய இடத்தில் விரித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

அவளுடைய மேலங்கிப் பையில் போன் அதிர்ந்தபோது, கடைவாய்ப் பல் எடுக்க வந்த ஒரு பெண்ணுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் விடக்கூடாது என்று சுற்றை முடித்துவிட்டுத்தான் எடுத்தாள். எதிர்முனையில் தம்பியின் மனைவி பேசவில்லை, அலறினாள்.

அவன் சாகவில்லை. கீழே வண்டி நிறுத்தும் கொட்டகையின் தகரக் கூரைமேல் விழுந்ததால் உயிர் தங்கியது. முதுகெலும்பு தங்கவில்லை. இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் மேஸ்திரி தலையைத் தொங்கப் போட்டு நின்றிருந்தான். இவளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்தான்.

"தொங்குற கயிறு, காப்புக் கயிறு ரெண்டுமே அதே ஓரத்துலதான் போட்டிருந்தோம்மா. தகடு அறுத்துடுச்சு. அவன் சொன்னான், நான்தான் கேட்கல. ஒரு சாக்குத்துணியை அடியில போட்டிருந்தாக்கூட போதும்."

அவனை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பாவி சொன்னது அவளுக்கும் சேர்த்துத்தான் பொருந்தியது. கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் வாந்தி எடுத்தாள்.

தம்பி வீடு மாடியில். சக்கர நாற்காலி ஏறாது. அதனால் புருஷனும் மனைவியும் அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டு அவனைக் கிடத்தினார்கள். அவன் வருவதற்கு முன்பே அவள் கால்மிதியைச் சுருட்டிக் கொல்லைப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் திணித்திருந்தாள். தூக்கி எறியவும் மனசில்லை, விரிக்கவும் துணிவில்லை. வாசல் வெறுமையாகக் கிடந்தது. "கால்மிதி எங்க அண்ணி? மண்ணெல்லாம் உள்ள வருது," என்று தம்பி மனைவி ஒரு முறை கேட்டாள். கிழிஞ்சு போச்சு என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள் அக்கா. கட்டிலிலிருந்து தம்பி அதைக் கேட்டான்.

அவன் ஒன்றும் சொல்லாததுதான் அவளை அறுத்தது. திட்டுவான், கத்துவான், மனைவியிடம் சொல்லி அழுவான் என்று தினமும் காத்திருந்தாள். அவனோ மருந்து கொடுத்தால் குடித்தான், புரட்டினால் புரண்டான். அக்கா, தண்ணி. அக்கா, விளக்கு. அவ்வளவுதான் பேச்சு. அவனுக்கு உடம்பு துடைத்துவிடும்போது, எடுத்து வைத்த இடத்திலேயே கிடக்கிற அந்தக் கால்களை அவள் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டே இருப்பாள். போதும்க்கா, தோல் போயிடும் என்பான் அவன். அவன் மனைவி இதையெல்லாம் பார்த்து, அண்ணி மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மாய்ந்துபோவாள். அது காதில் விழும்போதெல்லாம் இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

பல் ஆஸ்பத்திரியில் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒரு சின்னப் பெண் நாற்காலியில் வீறிட்டு அழுதபோது டாக்டர் பின்னறைக்கே வந்து, "ஒரு நிமிஷம் தட்டிவிட்டா அடங்கிடுமேம்மா," என்றார். "கை வலிக்குது டாக்டர்," என்றாள். அவர் அவள் விரல்களைப் பார்த்தார். பத்து விரலிலும் நகம் கடித்துச் சதை சிவந்திருந்தது. மருந்துபட்டால் எரியும் என்று ஒரு கையுறைப் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அழுகிறவர்கள் அழுதார்கள், பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். தட்டக்கா என்று கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. அது அவளுக்குப் பெயராகவே போய்விட்டது, என்ன செய்ய?

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். தம்பி மனைவி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கூரையைப் பார்த்தபடியே தம்பி சொன்னான்.

"அக்கா, எனக்குக் கொஞ்சம் தட்டி விடேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த துணி நழுவியது.

"என்னடா?"

"தட்டி விடுன்னேன். மறந்துட்டியா?"

மறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் கேட்டு எதை அவள் இல்லை என்றிருக்கிறாள்? முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கையை எடுத்தாள். விரல்களை உள்ளங்கையின் ஓரத்தில் வைத்தவள், தட்டாமல் நிறுத்தினாள்.

"என்ன பயம்?"

அவன் போர்வையின் ஓரத்தை இன்னொரு கையில் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"உன்னை வெறுத்துடுவேனோன்னு பயமா இருக்குக்கா," என்றான். "காலைல கண்ணைத் தொறந்ததும் உன் முகம்தான் தெரியுது. நீதான் சோறு ஊட்டுற, நீதான் பீ மூத்திரம் அள்ளுற. எனக்கு உன்னை விட்டா யாரு? ஆனா மனசுக்குள்ள என்னென்னமோ வருது. அது வெளிய வந்துட்டா நீ தாங்க மாட்ட. அதான், அது போற மாதிரி தட்டி விடு. உன்னை வெறுத்துடுவேனோன்னு பயமா இருக்கு, இருந்தாலும் நான் நல்லாத்தான் இருக்கேன். இப்படித்தானே சொல்லணும்?"

அவள் விரல் அவன் கையின் ஓரத்திலேயே இருந்தது. தட்டினால் போய்விடும். அது அவளுக்குத் தெரியும். இரண்டு சுற்றில் அவன் மூச்சு சீராகும், காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி சிரிப்பான், கடைசிவரை அவளிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அவள் மனம் அதற்காக ஏங்கியது. சும்மா சொல்லக்கூடாது, தண்ணீருக்குத் தவிக்கிற மாதிரி ஏங்கியது.

ஆயுசில் யாரிடமும் கேட்காத கேள்வியை அவனிடம் கேட்டாள்.

"அது நெஜமாடா? நெஜமாவே என்மேல கோபம் இருக்கா?"

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அந்தக் கட்டிலுக்கு வந்ததிலிருந்து அவளை அவன் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"இருக்கு."

"அப்போ தட்ட வேண்டாம்," என்றாள். அவன் கையை மெல்ல மெத்தைமேல் வைத்தாள். "சொல்லு."

"வேண்டாம்க்கா."

"சொல்லுடா. அன்னிக்கு நீ சொன்னதை நான் கேட்கல. இன்னிக்குச் சொல்லு."

முதலில் அவன் உதடுதான் அசைந்தது. பிறகு சொன்னான். கால்மிதி என்றான். நான் கேட்டேன்ல என்றான். கையில எடுத்தேன்ல, நீதானே விடுன்னே என்றான். குரல் ஏறியது, ஏறி உடைந்தது, நெஞ்சிலிருந்து கத்தினான். எனக்குத் தெரிஞ்சிருந்துச்சுக்கா, எனக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு, அதை நீ எடுத்துட்டே என்று கத்தினான். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் மனைவி ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்று, எந்தக் கால்மிதி, என்ன சொல்கிறார் இவர் என்று புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரியத் தொடங்கியபோது அவள் முகம் மாறியது. அக்கா அதையும் பார்த்தாள்.

எழுந்து ஓடவில்லை, அவன் வாயைப் பொத்தவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவன் போர்வையை முறுக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டே இருந்தான். அதை விடு என்று அவள் சொல்லவில்லை.